பேரீச்சம்பழத்துக்குப் போன சாமான்

பாயிஸா கடைசிப் பேரீச்சம்பழத்தின் கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தபோதுதான், முன்பக்கம் கடையில் அத்தா எதையோ தேடும் சத்தம் கேட்டது.

முதலில் டப்பாக்களை நகர்த்தும் சத்தம். பிறகு மேசையின் இழுப்பறையைத் திறக்கும் சத்தம். அப்புறம் சாக்கை உதறும் சத்தம்.

அத்தா பொதுவாக எதையும் தேடுகிறவர் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலே வேண்டிய ஸ்பேனர் கைக்கு வந்துவிடும். அவரே இவ்வளவு நேரம் தேடுகிறார் என்றால் ஏதோ முக்கியமான சாமானாகத்தான் இருக்க வேண்டும்.

"பாயிஸா! பட்டறை மேசையில பேப்பர் போட்டு ஒரு சாமான் வச்சிருந்தேன். பாத்தியா?"

"இன்னா சாமான் அத்தா?"

"ஜாவா வண்டி சாமான். அரை வட்டமா, ஓரத்துல பல்லு பல்லா இருக்குமே, அது."

அந்தச் சாமானை பாயிஸாவுக்கு நன்றாகத் தெரியும். பாதி தின்று வைத்த தோசை மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவள் அதைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

"இல்ல அத்தா. நான் பாக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் தான் பொய் சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. வாயில் இருந்த கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியவில்லை. அப்படியே விழுங்கிவிட்டாள்.

பாயிஸாவின் அத்தா காஜா, கள்ளக்குறிச்சியில் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. புதிதாக வந்த பளபள வண்டிகள் எல்லாம் பெரிய கடைகளுக்குப் போய்விடும். ஜாவா, ராஜ்தூத், புல்லட் என்று வயசான வண்டிகள்தான் காஜாவைத் தேடி வரும். "ஊர்ல இருக்கிற கெழட்டு வண்டிங்களுக்கு எல்லாம் உங்க அத்தாதான் ஆஸ்பத்திரி" என்று பாயிஸாவின் அம்மா ஜீனத்துன்னிசா கேலி செய்வாள்.

வயசான வண்டிக்குச் சாமான் தேடுவது லேசான வேலை இல்லை. ஒரு வருஷம் வந்த ஜாவாவின் சாமான் அடுத்த வருஷம் வந்த ஜாவாவில் உட்காராது. அதனால், தேய்ந்துபோன பழைய சாமானையே மாதிரிக்கு அனுப்ப வேண்டும். காஜா அதைத் துணியில் கட்டி, சேலம் போகும் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புவார். சேலத்துக் கடைக்காரர் அதைப் பார்த்து, அதே போல வேறொன்றைத் தேடி எடுத்து, இரண்டையும் திரும்பும் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்.

"புது வண்டிக்குத்தான் தேஞ்ச சாமான் குப்பை. பழைய வண்டிக்கு அதுதான் அச்சு. பட்டறை மேசையில இருக்கிறத யாரும் தொடக்கூடாது" என்று அத்தா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். பாயிஸாவும் ஆயிரம் தடவை தலையை ஆட்டியிருக்கிறாள்.

ஆனால் அந்த வாரம் பஸ்ஸே ஓடவில்லை.

அது 1987ஆம் வருஷம், புரட்டாசி மாதத் தொடக்கம். படிப்பிலும் அரசாங்க வேலையிலும் ஒரு சாதியினருக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டு, வட மாவட்டங்கள் முழுக்கப் பெரிய போராட்டம் நடந்துகொண்டிருந்தது. மரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை. பாயிஸாவுக்கும் அவள் தம்பி சுபைருக்கும் இந்தக் கடைசி விஷயம் மட்டும் பிடித்திருந்தது.

வெளியூர்ப் பக்கம் போக முடியாத பேரீச்சம்பழக்காரர் ஊருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார்.

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழேம்!"

அன்று பகல் அந்தக் குரல் கேட்டதும் பாயிஸா ஓடிப்போய் ஒரு துருப்பிடித்த கதவுக் கீலையும் ஓட்டை வாணலியையும் எடுத்து வந்தாள். பேரீச்சம்பழக்காரர் தராசில் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்கு ஒண்ணுதான் வரும் பாப்பா. கனமா வேற எதுனா இருக்கா?"

ஐந்து வயது சுபைர் அந்த ஒற்றைப் பழத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தான். அத்தா பகல் தொழுகைக்குப் போயிருந்தார். அம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பட்டறை மேசையில் பேப்பர் மேல் அந்த அரை வட்ட இரும்பு இருந்தது. நடுவில் இருந்த பற்கள் எல்லாம் தேய்ந்து வழுக்கையாகி இருந்தன.

'பல்லு போன சாமான். இது இன்னாத்துக்கு ஆகும்?' என்று பாயிஸா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தொடக்கூடாது என்று தெரியும். தெரிந்துதான் தொட்டாள்.

மொத்தம் ஏழு பழம் கிடைத்தது.

மறுநாள் காலை, வண்டிக்குச் சொந்தக்காரர் வந்தார்.

அவர் பெயர் பூமாலை. கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர். சாலை மறியல் தொடங்குவதற்கு முன்தினம் வண்டியைத் தள்ளித் தள்ளி ஸ்டார்ட் செய்து ஓட்டி வந்து சேர்ந்தவர், பஸ் நின்றுபோனதால் ஊருக்குத் திரும்ப முடியாமல் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்தார். அந்த அரை வட்டச் சாமானின் பல் தேய்ந்ததால், கிக்கரை உதைத்தால் எதையும் பிடிக்காமல் வெறுமனே சரிந்துவிடுகிறது. அதுதான் அவர் வண்டியின் வியாதி.

"இன்னா பாய், வண்டி ஆச்சா? சேலத்துக்கு ஆள் போகாது, இங்கியே பல்ல வெல்டிங் வச்சி அரத்துல ராவித் தரேன்னு சொன்னியே?"

காஜா எழுந்து நின்றார். கையில் இருந்த துணியில் கையைத் துடைத்தார்.

"பூமாலண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்க சாமான வச்ச எடத்துல காணோம். நேத்துலேர்ந்து தேடிக்கினு இருக்கேன்."

பூமாலை பிரித்துப் போட்டிருந்த தன் வண்டியைப் பார்த்தார். பிறகு அவர் குரல் ஏறியது.

"காணோமா? இல்ல, ஒரிஜினல் சாமானாச்சே, வேற எவன் வண்டிக்காவது மாட்டிட்டியா?"

"ஐயோ, அப்டி எல்லாம் இல்லண்ணே!"

"போன வருசம் வேற ஒரு பட்டறையில வண்டிய வுட்டேன். திரும்பி வரும்போது உள்ள நாலு சாமான் மாறியிருந்துச்சு. கேட்டதுக்கு, மலையிலேர்ந்து வந்த ஆளுக்கு இன்னா தெரியும்னு சிரிக்கிறான். நீ அப்டி இல்லன்னு நாலு பேர் சொல்லித்தானே உன்கிட்ட வந்தேன்? எங்க ஊர்ல ஒரே வண்டி பாய் இது! யாரையாவது பாம்பு கடிச்சாலும், புள்ள வலி கண்டாலும், இதுலதான் உக்கார வச்சி கீழ கொண்டாரணும். அதுல போயி கைய வச்சிட்டியே!"

எதிரே அய்யனார் டீக்கடை. பஸ் ஓடாததால் வேலைக்குப் போகாத ஆட்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பியது.

"பழைய வண்டி சாமானுக்கு இப்ப கிராக்கி ஜாஸ்தியாச்சே" என்று யாரோ சொன்னார்.

அத்தா பதிலுக்குக் கத்துவார் என்று பாயிஸா எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. "தேடித் தரேண்ணே. ஒரு நாள் டைம் குடுங்க" என்று மட்டும் சொன்னார். அவர் முகம் கழுத்துவரை சிவந்துபோயிருந்தது.

பாயிஸா கதவுத் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வெளியே போய் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் போகவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அந்த அவமானம் தன்னுடையது, அதை அத்தா சுமந்துகொண்டு நிற்கிறார் என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பூமாலை போன பிறகு அத்தா கடையின் பலகைகளில் பாதியைச் சாத்தினார். வெயில் நேரத்தில் அவர் கடையைச் சாத்திப் பாயிஸா பார்த்ததே இல்லை. அம்மா சோறு போட்டுக் கூப்பிட்டாள்.

"பசிக்கல" என்றார் அத்தா.

"எனக்கும் பசிக்கல" என்றாள் பாயிஸா.

"எனக்குப் பசிக்குது" என்றான் சுபைர்.

பாயிஸா எழுந்து தன் துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினாள். சுபைர் வாயில் சோற்றோடு பின்னால் ஓடி வந்தான்.

"எங்கக்கா போற?"

"நீ வூட்டுக்குப் போ."

"என்னை இட்டுக்கினு போலன்னா அம்மாகிட்ட சொல்லிடுவேன்."

எதைச் சொல்லுவாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேரீச்சம்பழக்காரர்கள் வாங்குகிற இரும்பு எல்லாம் கடைசியில் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் ராணியம்மாளின் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். ராணியம்மாள் கோணிப்பை மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இரும்புக் குவியல் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இன்னா பாப்பா, வழி தவறி வந்துட்டியா?"

"இல்லக்கா. நேத்து பேரீச்சம்பழக்காரர்கிட்ட ஒரு இரும்பு போட்டேன். அது எனக்கு வேணும்."

ராணியம்மாள் சிரித்தாள். "தின்ன பழத்தத் திருப்பிக் குடுப்பியா?"

பாயிஸாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் ராணியம்மாள் சிரிப்பை நிறுத்தினாள்.

"யார் வூட்டுப் பொண்ணு நீ?"

"காஜா பாய் பொண்ணு."

"பட்டறை காஜாவா? இன்னாவோ அவரு ஒரு மலைக்காரர் சாமான வித்துட்டாருன்னு காத்தாலேர்ந்து டீக்கடையில பேசிக்கிறாங்களாமே? எந்தப் பாவி கெளப்பி வுட்டது அத?"

டீக்கடைப் பேச்சு ஏரிக்கரைவரை வந்துவிட்டது. பாயிஸா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான்தான்க்கா. அத்தா எதையும் விக்கல. அத நான்தான் எடுத்துப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டேன்."

ராணியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். திட்டவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நல்ல வேளை, மறியல்னால லாரி வர்ல. வந்திருந்தா உன் சாமான் இன்னேரம் சேலத்துல போய் எறங்கியிருக்கும். ஆனா நேத்து மட்டும் பத்துப் பதினஞ்சு பேர் சரக்கு கொட்டினாங்க. நீயே தேடிக்கோ. கையக் கிழிச்சிக்காத."

மூன்று பேரும் தேடினார்கள். கைப்பம்பின் பிடி, கரும்பு ஆலையின் உடைந்த சக்கரம், சாவி இல்லாத பூட்டுகள், சாவிகள் மட்டும், தகர அடுப்பு எல்லாம் வந்தன. சுபைர் கையில் கிடைத்ததை எல்லாம் தூக்கிக் காட்டினான்.

"இதுவாக்கா?"

"அது கரண்டிடா."

"இது?"

"அதுவும் கரண்டிதான்."

கை முழுக்கத் துரு. முதுகு வலித்தது. நிழல் ஏரிக்கரையைத் தாண்டிப் போய்விட்டது. பூமாலையின் சாமான் கிடைக்கவே இல்லை. குவியலின் அடியில் எங்கேயோ அது புதைந்துபோயிருந்தது.

பாயிஸா சோர்ந்துபோய் உட்கார்ந்தாள். அப்போது ஒரு தகரத்துக்கு அடியில் அரை வட்டமாக ஒன்று தெரிந்தது. பாய்ந்து இழுத்தாள். பாதித் தோசை! நடுவில் அதே மாதிரி துளை, துளைக்குள் அதே மாதிரி வரி. ஆனால் இது அது இல்லை. இதில் ஒரு பல்கூடத் தேயவில்லை.

"போன மாசம் ஒரு பழைய ஜாவாவ ஒடச்சிக் கொண்டாந்து போட்டானுங்க. அதோடதா இருக்கும்" என்றாள் ராணியம்மாள்.

"இத எடுத்துக்கட்டுமாக்கா? என்கிட்ட குடுக்க எதுவும் இல்ல."

"உன் இரும்பு என் குவியல்ல கெடக்குது. என் இரும்பு உன் கையில இருக்குது. எடைக்கு எடை சரியாப் போச்சு. ஓடு."

பாயிஸா ஓடவில்லை. வீடு நெருங்க நெருங்க நடை மெதுவாகிக்கொண்டே போனது. சாமான் கிடைத்தாகிவிட்டது. சொல்ல வேண்டியது அப்படியே இருந்தது.

அத்தா பட்டறைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாயிஸா அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள். அவர் அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதே வருசத்து ஜாவாதான். பல்லெல்லாம் முழுசா இருக்குது! எங்க கெடச்சுதும்மா?"

பாயிஸா ஒன்றையும் விடாமல் சொன்னாள். பார்க்கவில்லை என்று பொய் சொன்னதைச் சொல்லும்போது மட்டும் குரல் எழும்பவே இல்லை. அத்தா குனிந்து காதை அருகில் கொண்டுவர வேண்டியிருந்தது.

அவர் சாமானை மேசைமேல் வைத்தார்.

"நான் தேடினப்பவே சொல்லியிருக்கலாமே."

"பயமா இருந்துச்சு அத்தா."

"அடிப்பேன்னா?"

"இல்ல. நீங்க என்னப் பத்தி இன்னா நெனப்பீங்கன்னு."

அத்தா பெருமூச்சு விட்டார். "சரி. நான் இத மாட்டி அவருக்கு வண்டியக் குடுத்துடறேன். நீ யார்கிட்டயும் எதுவும் சொல்லாத. சின்னப் பொண்ணு நீ. டீக்கடையில நாலு பேர் உன்னப் பேச வாணாம்."

பாயிஸாவுக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை பூமாலை வந்தபோது வண்டி வாசலில் நின்றது. அவர் ஒரு உதை உதைத்தார். 'டபடபடப' என்று ஜாவா தெருவையே எழுப்பியது. பூமாலையின் முகம் மலர்ந்தது. பிறகு சட்டென்று சுருங்கியது. வண்டியை நிறுத்தினார்.

"என் சாமான் இவ்ளோ கெட்டியாப் புடிக்காதே. இது வேறயா?"

"ஆமாண்ணே. இதுவும் ஒரிஜினல்தான். உங்களுதவிட நல்லா இருக்குது."

"பஸ்ஸே ஓடல. இது எங்கருந்து வந்துச்சு?"

அத்தா ஒரு நொடி கதவுத் திரைப் பக்கம் பார்த்தார்.

"கெடச்சுதுண்ணே."

பூமாலை டீக்கடைப் பக்கம் திரும்பிக் கசப்பாகச் சிரித்தார். "பாத்தீங்களா? சத்தம் போட்டாத்தான் பதுக்கி வச்ச சாமான் வெளிய வரும் போல!"

டீக்கடையில் சிரித்தார்கள். அத்தா ஏற்கெனவே துடைத்த கையை மறுபடி துடைத்தார். ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துக்கொள்ளலாம். சொல்லாமல் நின்றார்.

பாயிஸாவுக்கு நேற்று இறங்கிய பாரம் எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்தது. அது அத்தாவின் தலைமேல்தான் போய் உட்கார்ந்திருந்தது.

அவள் திரையை விலக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

"அத்தா எடுக்கல."

"இன்னா பாப்பா?" என்றார் பூமாலை.

மூச்சை இழுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் கேட்கும்படி சொன்னாள்.

"உங்க சாமான அத்தா எடுக்கல! நான்தான் எடுத்தேன். தெரியாம இல்ல, தெரிஞ்சேதான் எடுத்தேன். பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டேன். அத்தா கேட்டப்ப பாக்கலன்னு பொய் சொன்னேன். இது ராணியம்மாக்கா இரும்புக் கடையில தேடி எடுத்தது."

டீக்கடை ஆட்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். முகம் நெருப்பாகச் சுட்டது. ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. ஆனாலும் நின்றாள்.

பூமாலை அவளைப் பார்த்தார். காஜாவைப் பார்த்தார்.

"இன்னா பாய், பொண்ண இப்டிச் சொல்லச் சொல்லி அனுப்பி வச்சியா?"

உண்மையைச் சொன்னால் நம்பிவிடுவார்கள் என்றுதான் பாயிஸா நினைத்திருந்தாள். நம்பாவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்று அவள் யோசித்ததே இல்லை.

அப்போது அவளுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் கிளம்பியது. இரண்டு நாளாகப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனி முடியாது என்று கிளம்பிய குரல்.

"ஆமா! ஏழு பழம் குடுத்தாங்க! அக்கா அஞ்சு தின்னுச்சு! எனக்கு ரெண்டே ரெண்டுதான் குடுத்துச்சு! அதுலயும் ஒண்ணு சொத்தை!"

சுபைர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நியாயம் கேட்டு நின்றான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தவர் டீக்கடை அய்யனார். பிறகு தெரு முழுக்கச் சிரித்தது. பூமாலையும் சிரித்துவிட்டார். இப்படி ஒரு புகாரை யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்ல வைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியது. பூமாலை தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நேராக டீக்கடை முன்னால் போய் நின்றார்.

"நேத்து எல்லாரும் கேட்டீங்க இல்ல? இன்னிக்கும் கேளுங்க. காஜா பாய் என் சாமான எடுக்கல. எவனோ ஏமாத்தினான்னு இவர் மேல பழியப் போட்டுட்டேன். தப்பு என்னுது."

திரும்பி வந்தவர் காஜாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அந்த முகம் பாயிஸாவுக்குப் பழக்கமான முகமாக இருந்தது. நேற்று முழுக்க அவள் முகம் அப்படித்தான் இருந்தது. அவள் உள்ளே ஓடி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வெட்கத்தில் நிற்கிறவருக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

பூமாலை சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தார்.

"பழம் எப்டி இருந்துச்சு பாப்பா?"

"மணலா இருந்துச்சு" என்றாள் பாயிஸா.

"ஜாவாவயே வித்து வாங்கினது. நல்லதா பாத்து வாங்கக் கூடாது?"

அத்தாவும் சிரித்துவிட்டார். பூமாலை வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "மறியல் முடிஞ்சதும் எங்க மலையில இருக்கிற ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லுவேன் பாய். எந்தப் பட்டறைக்குப் போவணும்னு" என்று சொல்லிவிட்டு, சாலையில் மரங்கள் கிடந்ததால் ஏரிக்கரை வழியாகக் கச்சிராயபாளையம் பக்கம் போனார். சத்தம் தேய்ந்து மறையும்வரை அத்தா தெருவிலேயே நின்றார்.

அதற்கப்புறம் அவர் அந்த விஷயத்தைப் பேசவே இல்லை. சாப்பிடும்போது மட்டும் ஒருமுறை, "அஞ்சும் ரெண்டுமா பங்கு போடுவாங்க?" என்று கேட்டார். பாயிஸா தன் தட்டில் இருந்த முட்டையில் பாதியைச் சுபைர் தட்டில் வைத்தாள். அத்தா கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. பட்டறை மேசைப் பக்கம் போகாமல், சுவர் ஓரமாகவே நடந்து வெளியே போய் வந்தாள்.

மரங்களை அகற்றிச் சாலைகளைத் திறந்தார்கள். பஸ் ஓடத் தொடங்கியது. ஒரு சாயங்காலம், சங்கராபுரத்திலிருந்து ஒருவர் தன் பழைய ராஜ்தூத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். அத்தா அதைப் பிரித்து, உள்ளேயிருந்து கட்டை விரல் அளவுக்கு ஒரு சாமானை எடுத்தார். மண்ணெண்ணெயில் கழுவி, துருப்பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் கிரீஸ் தடவினார்.

"பாயிஸா, இங்க வா."

அவள் கொஞ்சம் தள்ளியே நின்றாள். அத்தா எழுந்து வந்து, அவள் உள்ளங்கையை விரித்து, அந்தச் சாமானை வைத்து, விரல்களை மூடினார்.

"காலையில மொத பஸ்ஸுக்கு சேலம் அனுப்பணும். அதுவரைக்கும் நீ வச்சிரு."

"நானா?"

"நீதான்."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பிப் போய் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் அம்மா பாயைச் சுருட்ட வந்தாள். வெள்ளைத் தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகக் கிரீஸ் கறை. அவள் போட்ட கூச்சலில் பாயிஸா கண் விழித்தாள். அம்மா திட்டியது எதுவும் அவள் காதில் விழவில்லை. முதலில் தன் கையைத்தான் திறந்து பார்த்தாள். சாமான் இருந்தது.